கடன் அடையட்டும், அப்புறம் போன் என்பவர்களுக்கு

அக்கா மகனுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஐ.பி.ஏ., அதாவது வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதம், வந்துவிட்டது. கம்பி கட்டும் வேலை, இரண்டு வருஷ பெர்மிட். பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், இரண்டு கைலி, ஒரு டப்பா தைலம் எல்லாம் பெட்டியில் ஏறிவிட்டன. போன் பேச்சு வந்ததும் மச்சான் நிறுத்திவிட்டார். "வீட்ல இருக்கிற ஒரே டச் போன் பாப்பா படிப்புக்கு வேணும். இவன் பட்டன் போனைக் கொண்டுபோகட்டும். மூணு லட்சம் வட்டிக்கு வாங்கி அனுப்புறோம். அது அடையட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்." திண்ணையில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். பையனும் தலையாட்டினான்.

நான் அங்கே வாயைத் திறக்கவில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் மனுஷனிடம் இன்னொரு செலவைச் சொல்ல மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து இரவெல்லாம் யோசித்தபோது, சொல்லாமல் விட்டது தப்பு என்று பட்டது. பதினான்கு வருஷம் அந்த ஊரில் கம்பி கட்டி, சூப்பர்வைசராகித் திரும்பியவன் நான். அதில் முதல் ஆறு வருஷம் மச்சான் சொன்ன அதே பேச்சைக் கேட்டு நடந்தவன். அந்த ஆறு வருஷத்தில் எனக்கு என்ன போயிற்று என்பது எனக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன்: கடன் அடைந்த பிறகு போன் என்பது தலைகீழ்க் கணக்கு. கடனை அடைக்கப்போவது அவன் சம்பளம். அந்தச் சம்பளத்துக்கு இன்றைக்கு இருக்கும் காவல் அந்தப் போன்தான். மூன்று லட்சத்தைப் போட்டுவிட்டுக் காவலுக்குப் பத்து, பன்னிரண்டாயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கிறோம்.

மச்சானை நான் குறை சொல்லவில்லை. அவர் பேச்சு வானத்திலிருந்து குதித்ததல்ல. எங்கள் பக்கத்திலிருந்து, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, மன்னார்குடி வட்டாரங்களிலிருந்து, வெளிநாட்டுக்குப் போன முதல் ஆட்கள் கடிதம் எழுதினார்கள். எழுத வராதவர்கள் கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் காலிங் கார்டு வந்தது. 2009இல் நான் போய் இறங்கியபோது ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் கார்டு வாங்கி, நாணயத்தால் சுரண்டி, நீளமான நம்பரை அழுத்தி, "மிச்ச நிமிடம் இவ்வளவு" என்று ஒரு குரல் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் அம்மாவிடம் பேசுவேன். அன்றைக்குப் போன் என்றால் பேச்சு. பேச்சுக்குப் பட்டன் போன் தாராளம். அதற்கு மேல் ஒருவன் கையில் பெரிய திரை வைத்திருந்தால் அது பாட்டுக்கும் படத்துக்கும் பகட்டுக்கும்தான். அன்றைக்கு அந்தக் கணக்கு சரி. இன்றைக்கு நாடு மாறிவிட்டது, கணக்கு மட்டும் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

முதலில் ஒரு சின்ன விஷயம். மச்சான் கொடுத்தனுப்பும் பழைய பட்டன் போன் அங்கே எடுக்கவே எடுக்காது. 2017 ஏப்ரல் மாதத்தோடு சிங்கப்பூரில் அன்றிருந்த மூன்று தொலைபேசி நிறுவனங்களும் 2ஜி சேவையை மூடிவிட்டன. 2024இல் 3ஜியும் போய்விட்டது. அந்த 2017 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அறையின் மூத்தவர், அம்பது வயதை நெருங்கியவர், தன் நோக்கியாவைக் கட்டிலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே நிற்கிறது. பின்மூடியைக் கழற்றுவார், பேட்டரியை எடுப்பார், சிம்மைக் கைலியில் துடைப்பார், ஊதுவார், திரும்பப் போடுவார். திரையில் ஒரு கோடுகூட வராது. "சிம் கெட்டுப்போச்சு போலடா தம்பி" என்றார். சிம் கெடவில்லை, போனும் கெடவில்லை. அந்தப் போன் பேசும் அலைவரிசையையே அந்த ஊர் நிறுத்திவிட்டது. முன்கூட்டியே வந்த குறுஞ்செய்திகளை அவர் படித்திருக்கவில்லை. அன்றைக்கு அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். என் போனில்தான் பேசினார்.

4ஜி பட்டன் போன் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. அதில் பேசலாம். ஆனால் பேசுவதற்கு மட்டுமா அங்கே போன்?

பெர்மிட் அட்டையை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டில் வேலை பார்க்கிறவனுக்கு அந்த அட்டைதான் உயிர். பழைய அட்டையில் எந்தத் தேதியோடு முடிகிறது என்று அச்சடித்திருக்கும். 2017 செப்டம்பர் முதல் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு கொடுக்கும் அட்டைகளில் அந்தத் தேதி கிடையாது. ஒரு கியூஆர் கட்டம் இருக்கும். எஸ்ஜி ஒர்க்பாஸ் என்ற செயலியால் அதைப் படம் பிடித்தால், பெர்மிட் உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா, எந்தத் தேதிவரை என்று திரையில் வரும். வேலை பார்ப்பவனுடைய சொந்த அட்டை அவன் சட்டைப்பையிலேயே இருக்கிறது, ஆனால் அது செல்லுமா செல்லாதா என்று ஸ்மார்ட்ஃபோன் இல்லாமல் அவனுக்குத் தெரியாது. கம்பெனி புதுப்பித்துவிட்டோம் என்று சொன்னால் நம்ப வேண்டும். ரத்து பண்ணிவிட்டோம் என்று மிரட்டினாலும் நம்ப வேண்டும். மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். "ஊருக்கு அனுப்பிடுவேன்" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து கையெழுத்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அட்டையைப் படம் பிடித்துப் பார்த்தால் அரை நிமிஷத்தில் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்து ஐ.பி.ஏ. கடிதம். விமானம் ஏறுவதற்கு முன்பே, தொழிலாளிக்குப் புரியும் மொழியில் அது அவன் கைக்கு வர வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதில் இருக்கும். அதில் எழுதிய சம்பளத்தை, தொழிலாளி எழுத்தில் சம்மதிக்காமல் முதலாளி குறைக்க முடியாது. 2016 ஏப்ரல் 1 முதல் விவரம் பிரித்த சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். அந்தச் சீட்டைக் காகிதமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, மின்வடிவில் அனுப்பினாலும் செல்லும். போனுக்கு அனுப்பிவிட்டுக் கொடுத்தாகிவிட்டது என்று கம்பெனி சொல்லலாம். 2020 முதல் விடுதியில் தங்கும் பெர்மிட்காரர்களுக்குச் சம்பளத்தை வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நல்ல சட்டம். ஆனால் ஏடிஎம் அட்டையை வாங்கித் தங்களிடமே வைத்துக்கொள்ளும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. கணக்கில் என்ன வந்தது, யார் எடுத்தார்கள் என்பதைத் தன் திரையில் பார்க்க முடிந்தவனிடம் அந்த வேலை நடக்காது.

இனி டைம் கார்டு. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களின் பணம் அதிகம் கரைவது இங்கேதான்.

சைட்டில் ஒவ்வொருவனுக்கும் ஒரு கார்டு. காலையில் வந்த நேரம், சாயங்காலம் போன நேரம், ஓவர்டைம் எத்தனை மணி, சூப்பர்வைசர் கையெழுத்து. மாதம் முடிந்ததும் கம்பெனி அதை வாங்கிக்கொள்ளும். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு. கம்பி கட்டுகிறவனின் அடிப்படைச் சம்பளம் சின்னது; வீட்டுக்குப் போகிற பணமெல்லாம் ஓவர்டைமில் வருகிற பணம். அந்தக் கார்டு கம்பெனி கைக்குப் போன பிறகு அவன் எத்தனை மணி வேலை பார்த்தான் என்பதற்கு அவனிடம் இருப்பது அவன் நினைவு மட்டும்தான்.

என் முதல் கம்பெனியில் அப்படித்தான் போயிற்று. கவரில் ரொக்கம் வரும். தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்து வாங்குவார்கள். மாதம் இருபது, முப்பது மணி குறையும். கேட்டால், "கார்டுல அவ்வளவுதான் இருக்கு." ஒரு நோட்டில் நானே எழுதிவைத்தேன். அந்த நோட்டைக் காட்டியபோது, "இது நீ எழுதினது" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு வருஷத்தில் போனது எத்தனை வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், என்று இன்றுவரை நான் கூட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் தூக்கம் வராது.

பிற்பாடு, இன்னொரு இடத்தில், எங்கள் அறையில் இரண்டு பேர் ஒரே கம்பெனியில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஐந்து மாத ஓவர்டைம் குறைந்தது. ஒருவர் ஒவ்வொரு மாதக் கடைசியிலும், கார்டைக் கொடுப்பதற்கு முன்னால், அதைச் சிமெண்டு மூட்டை மேல் விரித்துவைத்துப் படம் எடுத்துவைத்திருந்தார். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. ஐந்து மாதம், பத்துப் படம். வியர்வையில் ஓரம் சுருண்ட கார்டு, மேலே அவருடைய கட்டைவிரல் நிழல், சூப்பர்வைசரின் பச்சை மைக் கையெழுத்து, எல்லாம் அந்தப் படத்தில் இருந்தன. சம்பளத் தகராறைச் சமரசத்துக்கு எடுக்கும் அலுவலகத்தில் கம்பெனி வேறு கார்டுகளைக் கொண்டுவந்து வைத்தது. மணி குறைவு, கையெழுத்து நீல மை. இவர் போனை எடுத்துக் காட்டினார். எடுத்த தேதி ஒவ்வொரு படத்திலும் இருந்தது. அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. பணம் வந்தது. மற்றவரிடம் பட்டன் போன். அவரும் அதே மணிநேரம் அதே வெயிலில் நின்றவர். "இவன் கூடத்தான் நானும் பார்த்தேன்" என்று சொல்ல முடிந்ததே தவிர, காட்ட ஒன்றுமில்லை. பாதிக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அந்த ஊரில் வேலையை விட்டவன் ஆறு மாதத்துக்குள் மனு கொடுத்தாக வேண்டும். ஆதாரம் தேடி அலைய அவகாசம் கிடையாது.

மச்சான் மாதிரி ஆட்கள் கேட்க வேண்டிய கணக்கு இது. ஒரு போனின் விலை ஒரு பக்கம். படம் எடுத்துவைத்த அண்ணன் வாங்கியதற்கும் பட்டன் போன் அண்ணன் வாங்கியதற்கும் உள்ள வித்தியாசம் இன்னொரு பக்கம். எது வீண் செலவு?

"கூட இருக்கிறவன் போன்ல பார்த்துக்கலாமே" என்பார்கள். நானே சொல்லியிருக்கிறேன். 2020 வரைக்கும். அந்த வருஷம் கொரோனா பரவியபோது ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோலில் இருந்த எஸ்11 விடுதியையும் தோ குவானில் இருந்த வெஸ்ட்லைட் விடுதியையும் தனிமைப்படுத்தி மூடினார்கள். இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 20,000 பேர். அடுத்த நாட்களில் மற்ற விடுதிகளும் வரிசையாக மூடின. நாங்கள் ஒரு அறையில் பன்னிரண்டு பேர். தினம் இரண்டு வேளை உடம்புச் சூட்டைச் செயலியில் பதிய வேண்டும். இருமல் உண்டா, மூச்சுத் திணறல் உண்டா என்று அதில்தான் சொல்ல வேண்டும், டாக்டரிடம் பேசுவதும் அதன் வழியாக. பிற்பாடு வேலைக்குப் போகலாமா கூடாதா என்பதையும் திரையில் வரும் பச்சை, சிவப்பு சொல்லியது. எங்கள் அறையில் இரண்டு பேருக்கு ஸ்மார்ட்ஃபோன் கிடையாது. ஒருவன் இருமிக்கொண்டிருக்கிறான், அவன் கையில் என் போனைக் கொடுத்துத் திரும்ப வாங்கி, துணியால் துடைத்து, நான் என் மனைவியிடம் பேச வேண்டும். கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்தோம். பயந்துகொண்டே கொடுத்தோம். அவன் முகத்தைப் பார்த்தால் அவனுக்கு எங்களைவிடப் பயம். அந்த வருஷக் கடைசியில் அமைச்சு வெளியிட்ட கணக்கில், விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. தனக்கு வந்ததா வரவில்லையா என்பதைக்கூட அடுத்தவன் போனை வாங்கித் தெரிந்துகொண்ட ஆட்களோடு நான் அந்த வருஷத்தைக் கழித்தேன்.

அதன் பிறகும் செயலிக் கட்டாயம் நிற்கவில்லை. வெளியே போகச் செயலியில் பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. 2022 ஜூனில் அதைத் தளர்த்தியபோதும், ஞாயிறு, விடுமுறை நாட்களில் நான்கு இடங்களுக்குப் பாஸ் வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அந்த நான்கில் ஒன்று லிட்டில் இந்தியா. வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்ற ஒருவனுக்குப் பாஸ் வேண்டியிருந்தது. கத்தாரில் 2020 மே மாதம் முதல் எஹ்தராஸ் என்ற செயலி இல்லாமல் வீட்டை விட்டே இறங்கக் கூடாது என்றார்கள். சவுதியில் அப்ஷர், தவக்கல்னா என்று பேர்தான் வேறு. வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது எதிர்ப்பக்கத்தின் கனமான வாதத்துக்கு வருகிறேன். டச் போன் வந்தால் பையன் கெட்டுப்போவான், சூதாடுவான், மோசடியில் மாட்டுவான். இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். எங்கள் அறையில் ஒரு தம்பி ஆன்லைன் ரம்மியில் மூன்று மாதச் சம்பளத்தை விட்டான். ராத்திரி போர்வைக்குள் திரை வெளிச்சம் தெரியும், பகலில் கண் சிவந்து சாரத்தில் ஏறுவான். நான்தான் அவனை ஏறவிடாமல் கீழே நிறுத்தினேன். இன்னொருவன், வங்கிக் கணக்கை வாடகைக்குக் கொடுத்தால் சில நூறு வெள்ளி தருகிறோம் என்ற செய்தியை நம்பிக் கொடுத்துவிட்டு, போலீஸ் விசாரணைக்குப் போய், பெர்மிட்டும் போய் ஊர் திரும்பினான். இவை நடக்கின்றன. மறைத்துப் பேசினால் என் வாதத்துக்கு மரியாதை இல்லை.

ஆனால் போன் இல்லாத காலத்தில் நம் ஆட்கள் சூதாடாமல் இருந்தார்களா? நாலு நம்பர் லாட்டரி எழுதி வீட்டை விற்றவர்களை எங்கள் ஊரே அறியும். ஆ லாங் என்று அங்கே சொல்லும் கந்துவட்டிக்காரனிடம் பெர்மிட் அட்டையின் நகலைக் கொடுத்துக் கடன் வாங்கியவர்களுக்கு மிரட்டல் வந்ததும் பட்டன் போனில்தான். "உங்க பார்சல் கஸ்டம்ஸ்ல மாட்டிருக்கு, மனிதவள அமைச்சுல இருந்து பேசுறோம்" என்று ஏமாற்றுகிறவனுக்கு எதிர்முனையில் ஒரு காது போதும், பெரிய திரை தேவையில்லை. அந்த அழைப்பு உண்மையா என்று சரிபார்க்கத்தான் திரை வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்க 1799 என்ற எண் இப்போது இருபத்துநாலு மணிநேரமும் இருக்கிறது, மோசடி எண்களைத் தடுக்கும் ஸ்கேம்ஷீல்டு செயலி இருக்கிறது. பையன் கெட்டுவிடுவானோ என்று பயந்தால், அவனோடு உட்கார்ந்து இவற்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கருவியைப் பிடுங்கி அனுப்பினால் அவன் கெடாமல் இருக்கமாட்டான். இரண்டு மாதத்தில் அங்கே யாரிடமாவது கடன் வாங்கி, யாருக்கும் சொல்லாமல், தகுதிக்கு மீறின ஒன்றை வாங்குவான். அப்படி வாங்கியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

இன்னொரு பேச்சு, எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் பேச்சு. "கூலி வேலைக்குப் போனவனுக்கு எதுக்கு வீடியோ கால்?" இதை ஊரில் படித்தவர்கள் சொல்கிறார்கள், அங்கே ஏசி அறையில் இருக்கும் நம்மவர்களும் சொல்கிறார்கள். ஐடி வேலைக்குப் போகிற பிள்ளைக்கு யாரும் இந்தக் கேள்வியைப் போடுவதில்லை. சாரத்தில் நிற்பவனுக்கு மட்டும் ஆசை அளந்துதான் வர வேண்டும் என்று இவர்கள் எப்படி முடிவு செய்தார்கள்?

2018இல் ஊரில் என் வீட்டுக்கு மாடித்தளம் போட்டார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. காலை பத்து மணி, அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். கேட்டரிங் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி போனைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறி, "பாத்தீங்களா, கம்பியெல்லாம் கட்டியாச்சு" என்று சுற்றிக் காட்டினாள். கலவை மெஷின் ஓட ஆரம்பித்துவிட்ட சத்தம் கேட்டது. எனக்கு ஏதோ உறுத்தியது. "போனைக் கொஞ்சம் கீழ கொண்டுபோ, தகட்டுக்குப் பக்கத்துல" என்றேன். கம்பிகள் சென்ட்ரிங் தகட்டின் மேல் படுத்துக் கிடந்தன. கவர் பிளாக் ஒன்றுகூட இல்லை. அடியில் கவர் பிளாக் வைத்துக் கம்பியைத் தூக்கி நிறுத்தாவிட்டால், கான்கிரீட் கம்பியைச் சுற்றிப் பிடிக்காது. சில வருஷத்தில் அடிப்பக்கம் துரு ஏறி, காரை பெயர்ந்து, கம்பி வெளியே தெரியும். அடுத்தவன் நாட்டில் நாற்பது மாடிக்குக் கம்பி கட்டியவன் நான். என் வீட்டுத் தளம் என் கண் முன்னால் பாழாகப் போகிறது. கொத்தனாரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "அண்ணே, மெஷினை நிறுத்துங்க. கவர் பிளாக் வைக்காம ஒரு சட்டி கொட்டக் கூடாது." அவருக்கு வருத்தம்தான். ஆட்கள் நிழலில் உட்கார்ந்தார்கள். மாமா பையன் பைக்கில் அறந்தாங்கி போய்க் கவர் பிளாக் வாங்கி வந்தான். மூன்றடிக்கு ஒன்று வைத்து, என் கண்ணுக்குக் காட்டி, அப்புறம்தான் தளம் போட்டார்கள். என் சாப்பாட்டு நேரம் முடிந்து லாரியில் ஏறியபோதும் லைனிலேயே இருந்தேன்.

அந்தத் தளத்துக்குக் கீழேதான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். பட்டன் போனில் அவள் என்ன சொல்லியிருப்பாள்? "கம்பியெல்லாம் கட்டியாச்சு" என்றுதான். அவள் பொய் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவு. கடன் வாங்கிப் போகிறவன் எதற்காகப் போகிறான்? வீடு, பிள்ளை, தங்கச்சி கல்யாணம். அந்த மூன்றிலும் அவன் பார்வை இருக்க வேண்டாமா? பணத்தை மட்டும் அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா?

பணம் அனுப்புவதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2023 பிப்ரவரி 21இல் சிங்கப்பூரின் பேநவ்வையும் நம் யுபிஐயையும் இணைத்தார்கள். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 60,000 ரூபாய், ஏறக்குறைய 1,000 வெள்ளி என்று வரம்பு. அதற்குமேல் போனால் ஞாயிற்றுக்கிழமை பணம் அனுப்பும் கடைக்குப் போய் வரிசையில் நிற்கலாம். ஆனால் அன்றைய விலை எந்தக் கடையில் எவ்வளவு என்று கட்டிலில் படுத்துக்கொண்டே பார்த்துவிட்டுப் போகிறவனுக்கும், போய் நின்ற கடையில் கொடுத்த விலையை வாங்கிக்கொள்கிறவனுக்கும் வித்தியாசம் வருஷக் கடைசியில் தெரியும்.

சரி, என்ன வாங்குவது? இதில் நான் எதிர்ப்பக்கத்தாரோடு முழுக்க ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. ஆப்பிள் வேண்டாம். ஆயிரம் வெள்ளி போன் வேண்டாம். கடைக்காரன், "இப்ப காசு தர வேணாம், மாசாமாசம் பில்லோட கட்டுங்க, ரெண்டு வருஷ காண்ட்ராக்ட்" என்பான். அதில் கையெழுத்தே போடக் கூடாது. இரண்டு வருஷம் கழித்து அங்கே இருப்போமா என்று நமக்கே தெரியாது. கம்பெனி நாளைக்கு பெர்மிட்டை ரத்து பண்ணினாலும் பில் ரத்தாகாது. தவணையில்லாமல், ரொக்கத்துக்கு, இருநூறு வெள்ளிக்குள் ஒரு புது ஆண்ட்ராய்டு. இரண்டு சிம் போட இடம் இருக்க வேண்டும். ஊர் நம்பர் உயிரோடு இருந்தால்தான் நம் வங்கியின் ஓடிபி வரும். மூன்று, நான்கு வருஷமாவது பாதுகாப்பு அப்டேட் வரும் மாடலா என்று பார்க்க வேண்டும், பழைய ஆண்ட்ராய்டில் வங்கிச் செயலிகள் நின்றுவிடுகின்றன. கேமரா எழுத்தைத் தெளிவாகப் பிடித்தால் போதும். செகண்ட் ஹாண்டு வாங்குவதானால் பில்லோடு வாங்க வேண்டும்; யாருடைய திருட்டுப் போனோ நம் கையில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நாம். சிம் டாப்-அப்தான், மாதாந்தரப் பில் வேண்டாம்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதையும் சொல்கிறேன். சைட்டில் காலணி, ஹெல்மெட், சேஃப்டி பெல்ட் எல்லாம் கம்பெனி காசில் தர வேண்டும். லாரி எத்தனை மணிக்கு, எந்த சைட்டுக்கு, நாளைக்கு ஓவர்டைம் உண்டா என்று கம்பெனி சொல்வதெல்லாம் வாட்ஸ்அப் குழுவில். பெர்மிட்டைப் பார்ப்பது அமைச்சின் செயலியில். வேலைக்கும் சட்டத்துக்கும் கட்டாயமாகிவிட்ட கருவியை மட்டும் தொழிலாளி தன் கடன் காசில் வாங்க வேண்டும் என்பது நியாயமில்லை. ஹெல்மெட்டோடு அதையும் கொடுக்க வேண்டும், அல்லது ஐ.பி.ஏ. கடிதத்தில் அதற்கென்று ஒரு படி எழுத வேண்டும். இதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டும். அதுவரை, நம் பையன் கையில் நாம்தான் கொடுத்தனுப்ப வேண்டும்.

மச்சான், இதை உங்களுக்குத்தான் எழுதினேன். அங்கே முதல் வருஷம்தான் ஆபத்தான வருஷம். ஆள் தெரியாது, பாஷை தெரியாது, கடன் முழுசாகத் தலைமேல் நிற்கும், எதைச் சொன்னாலும் நம்புவான், எதற்கும் கையெழுத்துப் போடுவான். கடன் அடைந்து மூன்றாவது வருஷம் அவன் விவரமானவனாக ஆன பிறகு வாங்கித் தருகிறேன் என்கிறீர்கள். அப்போது அவனே வாங்கிக்கொள்வான். இப்போது வேண்டும்.

வரும் வெள்ளிக்கிழமை நானும் அவனும் கடைக்குப் போகிறோம். பணம் பாதி நான் போடுகிறேன், மீதியை அவன் முதல் ஓவர்டைமில் எனக்குக் கொடுக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் முதல் படமாக அந்த ஐ.பி.ஏ. கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில், நாலு மூலையும் தெரிய, எடுக்கச் சொல்வேன். சம்பளம் எழுதியிருக்கும் வரியைப் பக்கத்தில் வைத்து இன்னொன்று. இரண்டையும் அக்காவுக்கு அனுப்பச் சொல்வேன். அக்கா, அதை அழிக்காம வச்சிரு.